நீலக் கதவுக்குள் ஒரு கதிரை

மொன்ட்ரியால்-நோர்
16 பெப்ரவரி 2025, ஞாயிறு

அன்புத் தம்பி யோசெப்புக்கு,

அந்தோனியார் உன்னைச் சுகமாக வைத்திருக்கிறார் என்ற நம்பிக்கையில் அக்கா எழுதுகிறேன். எனக்கு முழங்காலைத் தவிர வேறு குறையில்லை. இங்கே பனி கொட்டித் தள்ளுகிறது. கீழே நின்ற கார்களைக் காணவில்லை, வெள்ளை மேடுகள்தான் வரிசையாக நிற்கின்றன. என் மகள் சஜிதா வேலை செய்யும், சின்னப்பிள்ளைகளைப் பார்க்கிற கார்டெரி நாளைக்குப் பூட்டாம். பிள்ளைகளை விட அவளுக்குத்தான் சந்தோஷம்.

நேற்று ரெலிபோன் எடுத்தது ஒரு விஷயம் சொல்லத்தான். நீ "ஓம் அக்கா, ஓம் அக்கா" என்று நாலு தரம் சொன்னாய். பிறகு ஒரு இருமல், அதோடு வைத்துவிட்டாய். ரெலிபோனில் உன் வாயைத் திறக்க மட்டி திறக்கிற கத்தி வேண்டும். கடதாசியில்தான் மனுசனாகக் கதைக்கிறாய். அதனால்தான் இந்தக் காலத்திலும் முத்திரை ஒட்டிக்கொண்டிருக்கிறேன். தபால் கந்தோரில் நிற்கிற பெட்டை என்னைக் கண்டதும் "பொன்ஜூர், மடாம் டென்மார்க்" என்கிறாள்.

இனி விஷயம். இது யூபிலி வருடம். எங்கள் தமிழ்ப் பங்கிலிருந்து நாற்பது பேர் றோமுக்கு யாத்திரை போகிறோம். உன் அத்தான் வலன்ரைன் போய் இரண்டு வருடமாகிறது. பதினாலு வருடம், கிழமைக்கு மூன்று நாள், அவரை இரத்தம் சுத்திகரிக்கக் கூட்டிப் போய்வந்தேன். இந்த நகரத்தை விட்டு ஒரு நாள் வெளிக்கிட்டதில்லை. இப்போது போகலாம். திரும்பும்போது கொப்பன்ஹேகனில் விமானம் மாறவேண்டும். யூன் 23, திங்கள். காலை பத்துக்கு இறங்கி மாலை ஆறுக்கு ஏறவேண்டும். எட்டு மணித்தியாலம்! உன் ஊர் விமான நிலையத்திலிருந்து பத்து நிமிடம் என்று நீதான் எழுதியிருக்கிறாய்.

சண்டைக்குத் தப்பிப் பேசாலைக் கரையில் படகேறிப் போனபோது உனக்குப் பதினேழு வயது. இப்போது ஐம்பத்திரண்டு. இடையில் நான் உன் முகத்தை நேரில் பார்க்கவில்லை. சஜிதாவின் முதல் நன்மைக்குக் கூப்பிட்டேன், வேலை என்றாய். அவளுடைய கலியாணத்துக்குக் கூப்பிட்டேன், சீசன் என்றாய். அத்தானின் அடக்கத்துக்கு மலர்வளையம் வந்தது, நீ வரவில்லை. கோபிக்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். கோபித்தேன். இந்த முறை நானே உன் வாசலுக்கு வருகிறேன். இதற்கும் ஒரு சாட்டுச் சொன்னால் விமான நிலையத்திலேயே இருந்து அழுதுவிட்டுப் போவேன், அவ்வளவுதான்.

பதில் உடனே போடு.

உன் அக்கா
அல்போன்சம்மா


டிராகோர், டென்மார்க்
9 மார்ச் 2025

என் அருமை அக்காவுக்கு,

கர்த்தருடைய சமாதானம் உங்கள் வீட்டில் தங்கட்டும். முழங்காலுக்கு நல்லெண்ணெய் சூடாக்கிப் பூசுங்கள், பனியில் வெளியே இறங்காதீர்கள்.

சாட்டு ஒன்றும் இல்லை, அக்கா. வாருங்கள். உங்கள் கடிதத்தைக் குசினியில் நின்றபடி வாசித்தேன். அடுப்பில் பட்டர் கருகிவிட்டது. முப்பது வருடத்தில் முதல் தடவை. முதலாளியம்மா கியர்ஸ்டன் மணம் பிடித்து ஓடிவந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டியை மாற்றிவைத்தார்.

என் வேலையிடத்தைப் பற்றி உங்களுக்கு ஒழுங்காக எழுதியதே இல்லை. பெயர் நீலக் கதவு. முன்பு கப்பல்களுக்குப் பாய் தைத்த வீடாம். ஒன்பது மேசைதான். வாசல் நிலை அவ்வளவு பதிவு, உயரமான டெனிஷ்காரர் எல்லாரும் தலை குனிந்துதான் உள்ளே வருவார்கள். நான் ஒருத்தன்தான் நிமிர்ந்து நுழைவேன். யன்னலுக்கு வெளியே துறைமுகம். ஊர் முழுக்க மஞ்சள் வீடு, சிவப்பு ஓடு, கல்லுப் பதித்த ஒழுங்கை. ஒரு காலத்தில் எங்கெங்கோ இருந்தெல்லாம் கப்பல்கள் இங்கே ஒரு மீனுக்காக வந்து நின்றனவாம். எங்கள் சூடையைக் கொஞ்சம் கொழுக்கவைத்த மாதிரி இருக்கும். சில் என்பார்கள். தட்டுக் கழுவ வந்த எனக்கு அதைக் கண்டதும் ஊர்க்காரனைக் கண்ட மாதிரி இருந்தது. கத்தியை வாங்கி நாலு மீன் வெட்டிக் காட்டினேன். அடுத்த நாளே கியர்ஸ்டன் என்னை வெட்டுகிற மேசைக்கு மாற்றிவிட்டார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்கே ஒரு சட்டம் உண்டு. முதலில் சில். அது முடிந்த பிறகுதான் மற்ற மீன். ஒவ்வொன்றுக்கும் புதுத் தட்டு. பட்டப்பகலிலும் மெழுகுதிரி கொளுத்துவார்கள். நீங்கள் கோயில் என்று நினைத்து முழந்தாளிடப் போகிறீர்கள்.

என்ன மீன் விருப்பம் என்று எழுதுங்கள். சின்னனில் நீங்கள் முள் எடுத்து என் தட்டில் வைத்த மீனை நான் மறக்கவில்லை. விமானங்கள் எங்கள் குசினிக்கு மேலால்தான் இறங்கும். இத்தனை வருடமும் ஒவ்வொன்றையும் நிமிர்ந்து பார்ப்பேன். இதில் அக்கா இருக்கமாட்டா என்று நினைத்துவிட்டு வெங்காயம் வெட்டப் போவேன். யூன் 23 அன்று வெங்காயம் வெட்டமாட்டேன்.

உங்கள் தம்பி
யோசெப்


புனித அந்தோனியார் நவநாள் விண்ணப்பப் பெட்டிக்குள்
மொன்ட்ரியால், 18 மார்ச் 2025, செவ்வாய்

கோடி அற்புதரான அந்தோனியாரே,

மோட்சத்தில் இருக்கிறவரிடம் சுகம் விசாரிக்கத் தேவையில்லை. நான் அல்போன்சம்மா. கையெழுத்தைக் கண்டு பெருமூச்சு விடாதேயும். மற்றச் சனம் சின்னத் துண்டில் "வேலை வேண்டும், விசா வேண்டும்" என்று எழுதிப் போடுகிறது, நான் முழுத்தாள் எழுதுகிறேன். என்ன செய்ய, இதை மனம்விட்டுச் சொல்ல எனக்கு உம்மை விட்டால் ஆளில்லை.

தொண்ணூறாம் ஆண்டு யோசெப்பு போன படகைப் பற்றிப் பதினொரு மாதம் ஒரு சொல் வரவில்லை. மற்றப் படகுகளின் செய்தியெல்லாம் வந்தது. அப்போது உமது சுரூபத்துக்கு முன்னால் நின்று நேர்ந்தேன்: அவனை உயிரோடு காட்டும், அவனும் நானும் ஒரே மேசையில் ஒன்றாக இருந்து சாப்பிடும் நாள் வரை மீன் என் வாயில் படாது. அடுத்த மாதமே டென்மார்க் முத்திரையோடு கடிதம் வந்தது. உமது பங்கை நீர் செய்துவிட்டீர். என் பங்குதான் இழுபடுகிறது.

நேர்த்தியை வெளியில் சொன்னால் அது நேர்த்தியே இல்லை என்று அம்மா சொல்லுவா. அதனால் அவனுக்கும் சொல்லவில்லை, கட்டினவருக்கும் சொல்லவில்லை. வீட்டில் எனக்கு மீன் ஒவ்வாமை என்று பெயர். பங்குத் திருநாளுக்கு இருநூறு பேருக்கு மீன் குழம்பு வைப்பது நான், உப்புப் பார்ப்பது பக்கத்து வீட்டு றெபேக்கா. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் எல்லாரும் இறைச்சியை விட்டு மீன் சாப்பிட, நான் இரண்டும் இல்லாமல் பருப்போடு இருக்கிறேன். மீன்பிடிகாரன் வீட்டுப் பிள்ளை! பாவசங்கீர்த்தனத்தில் ஒரேயொரு தரம் சொன்னேன். "அம்மா, நான் உங்களை இதிலயிருந்து விடுவிக்கலாம்" என்றார் இளம் சாமியார். "நேர்ந்தது உங்களுக்கில்லை, ஃபாதர்" என்று சொல்லி எழும்பி வந்துவிட்டேன்.

மீன்களுக்கே பிரசங்கம் செய்தவர் நீர். மீன் தின்னாத ஒருத்திமேல் உமக்குக் கொஞ்சம் இரக்கம் இருக்கவேண்டும். யூன் 23 அன்று ஒரு கதிரையில் நான், மற்றக் கதிரையில் அவன். அதை மட்டும் பார்த்துக்கொள்ளும். பிறகு அவன் எந்த மீனை வைத்தாலும் தலையிலிருந்து வால் வரை முடிப்பேன்.

உமது அடியாள்
அல்போன்சம்மா


மொன்ட்ரியால்-நோர்
6 ஏப்ரல் 2025

யோசெப்பு ராசாவுக்கு,

நான் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? சமையல்காரன்தான் ஒழுங்காகச் சாப்பிடாதவன் என்று எனக்குத் தெரியும், நானும் அந்த இனம்தான்.

என்ன மீன் என்று கேட்டாய். எதையும் வை. நான் வருவது மீனுக்கில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன்: அன்றைக்கு நீ என்னோடு மேசையில் இருந்து சாப்பிடவேண்டும். இரண்டு கதிரை போடச் சொல் உன் கியர்ஸ்டனிடம்.

இதற்கு மேல் எழுதினால் அழுதுவிடுவேன், சஜிதா கார் ஹோர்ன் அடிக்கிறாள், பூசைக்கு நேரமாகிறது.

அக்கா


டிராகோர்
11 மே 2025

அன்பான அக்காவுக்கு,

இங்கே நானும் வேலையும் சுகம். இன்று அன்னையர் தினம், கடை நிரம்பி வழிந்தது. அம்மாவை நினைத்துக்கொண்டேன், உங்களையும்.

உங்களுக்கு யன்னலோர மேசை ஒதுக்கியாகிவிட்டது. முதலில் வினாகிரியில் ஊறின சில். அடுத்தது கறித்தூள் போட்ட சில். சிரிக்காதீர்கள், இவர்கள் கறித்தூளை இனிப்பாகச் சாப்பிடுகிறார்கள். பிறகு புகை போட்ட விலாங்கு. பிறகு ஒரு தட்டை மீனைப் பட்டரில் பொரித்து, புதுக் கிழங்கோடு. ஐந்தாவது தட்டு என்ன என்று சொல்லமாட்டேன். அதை இரண்டு மாதமாகப் பழகுகிறேன்.

நீங்கள் வரும் நாள் புனித அருளப்பர் திருநாளுக்கு முதல் நாள். இங்கே பெரிய நெருப்பு மூட்டிக் கொண்டாடுவார்கள். உங்கள் ஊரிலும் அடுத்த நாள் அதே அருளப்பருக்கு விடுமுறை என்று எழுதியிருந்தீர்கள். கடையில் சனம் கூடும். அதற்காகக் கவலைப்படாதீர்கள். நீங்கள் வந்து இருந்தால் போதும். மற்றதெல்லாம் நான்.

தம்பி


நவநாள் விண்ணப்பப் பெட்டிக்குள்
1 யூலை 2025, செவ்வாய்

அந்தோனியாரே,

உம்மோடு எனக்குக் கோபம். ஆனாலும் நடந்ததை ஒழுங்காகச் சொல்லுகிறேன், கேளும்.

விமான நிலையத்தில் அவனை எனக்கு அடையாளம் தெரியவில்லை. எங்களைப் பெற்ற ஐயா நிற்கிறார் என்று நினைத்தேன். அதே நெற்றி, அதே வளைந்த கால். கிட்டப் போனதும் "அக்கா" என்றான். அவ்வளவுதான், இரண்டு பேரும் வழியில் நின்று அழுதோம், பெட்டிகள் எங்களைச் சுற்றிப் போய்வந்தன. காரில் பத்து நிமிடமும் நான் அவனுடைய கையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். எத்தனை வெட்டுத் தழும்பு!

அந்த ஊரை எப்படிச் சொல்ல? மஞ்சள் என்றால் அப்படி ஒரு மஞ்சள். வீடுகள் சின்னன் சின்னனாக, ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. சுவரெல்லாம் ரோசாப்பூ. ஒழுங்கை திரும்பினால் சட்டென்று கடல். நூறு பாய்மரம் நிற்கும், கயிறுகள் காற்றில் கிணுகிணுக்கும். அந்தக் கரையில் மீன் மணம் வந்தது, அந்தோனியாரே. குளிர் கடலின் மணம் வேறு. ஆனால் மீன் மணம் மீன் மணம்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

றோமில் புனிதக் கதவால் நுழைந்தபோது எல்லாரும் அழுதார்கள், எனக்கு அழுகை வரவில்லை, வெட்கமாக இருந்தது. இந்த நீலக் கதவால் நுழைந்தபோது அடக்க முடியவில்லை. உள்ளே மரவளைகள் கறுத்து மினுங்கின. மத்தியானத்திலும் மேசைக்கு மேசை மெழுகுதிரி. என் மேசைக்கு மேலே முகட்டிலிருந்து ஒரு சின்னப் பாய்மரக் கப்பல் தொங்கியது. கடலில் தப்பி வந்தவர்கள் நேர்த்திக்கு இப்படிக் கப்பல் செய்து கோயில்களில் தொங்கவிடுவார்களாம், இது அந்தக் கைவேலை என்று கியர்ஸ்டன் ஆங்கிலத்தில் சொன்னார். எழுபது வயது இருக்கும், வெள்ளைத் தலை, என் கையைத் தன் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தார். இந்தச் சனத்துக்கும் நேர்த்தி தெரிந்திருக்கிறதே என்று அதிசயித்துப்போனேன்.

இரண்டு கதிரை போட்டிருந்தது. இரண்டு தட்டு, இரண்டு துவாய், இரண்டு கிளாஸ். அதைப் பார்த்ததும் உமக்கு நன்றி சொன்னேன். அவசரப்பட்டுவிட்டேன்.

முதல் தட்டை அவன் தன் கையாலேயே கொண்டுவந்து வைத்தான். வெள்ளி மாதிரி மீன், மேலே மெல்லிய வெங்காய வளையம், ஒரு கிள்ளு பச்சை இலை, பக்கத்தில் கறுத்தப் பாண். பூசைப் பாத்திரம் வைக்கிற மாதிரி வைத்தான். "இரு தம்பி" என்றேன்.

"நீங்க சாப்பிடுங்கோ அக்கா. நான் பேந்து சாப்பிடுறன்."

இதைக் கேட்காத தமிழ் வீடு உண்டா? நான் இதை என் வாழ்நாளில் எத்தனை ஆயிரம் தரம் சொல்லியிருப்பேன்! விருந்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டு எழும்பும்வரை வீட்டுக்காரர் நின்று பரிமாறுவதுதானே எங்களுக்கு மரியாதை. அவன் தன் அக்காவுக்கு அந்த மரியாதையைத்தான் செய்தான். இரண்டாம் தட்டுக்கும் கேட்டேன். "இருங்கோ, விலாங்கு வருது" என்று ஓடினான். மூன்றாவதுக்கு அவன் சட்டையைப் பிடித்தேன். கியர்ஸ்டன்கூட வந்து கதிரையை இழுத்துவிட்டு அவனுக்கு ஏதோ சொன்னார். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். கடையில் சனம் நிரம்பியிருந்தது, அதுவும் உண்மை. ஆனால் என் முன்னால் அவன் இருக்கவே மாட்டான் என்பது எனக்கு விளங்கிவிட்டது.

ஐந்தாவது தட்டு வந்தது. அந்த ஊர் மீனை மிளகாய்த்தூளும் மஞ்சளும் பிரட்டி, கறிவேப்பிலை போட்டு, அம்மாவின் பொரியல். அதே மணம். அந்தோனியாரே, நான் கதிரையின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவன் குசினிக் கதவில் நின்று என் வாயையே பார்த்தான். நான் பாணைப் பிய்த்து வாயில் வைத்தேன். கிழங்கு சாப்பிட்டேன். கடைசியில் ஸ்ரோபெரியும் பாலாடையும் சாப்பிட்டேன். வயிறு சரியில்லை என்றேன். ஐந்து தட்டு மீனும் தொடாமல் திரும்பிப் போயின.

சாப்பிட்டு எழும்பும்போது சமைத்தவனுக்கு நன்றி சொல்வது அந்த ஊர் வழக்கமாம். நானும் சொன்னேன். அவன் தரையைப் பார்த்தான். துறைமுகத்தில் இரவு கொளுத்துவதற்கு விறகு அடுக்கியிருந்ததைக் காட்டினான், பிறகு விமான நிலையத்தில் விட்டான். இரண்டு பேரும் காரில் ஆளுக்கொரு இனிப்புச் சாப்பிட்டோம். கார் மேசையாகுமா என்றுகூட யோசித்துப் பார்த்தேன். ஆகாது.

அப்படி ஒரு அழகான இடத்தை நான் கண்டதில்லை. அப்படி ஒரு கொடுமையான சாப்பாட்டையும் சாப்பிட்டதில்லை. இனி உமது விருப்பம்.

அல்போன்சம்மா


மொன்ட்ரியால்-நோர்
6 யூலை 2025

அன்புத் தம்பிக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். களைப்பு இன்னும் போகவில்லை. இங்கே எல்லாரும் வீடு மாறுகிற கிழமை, தெருவெல்லாம் பழைய மெத்தையும் கதிரையும்.

உன் ஊரைப் பற்றிச் சொல்லிச் சொல்லிச் சஜிதாவின் காதைப் புண்ணாக்கிவிட்டேன். கியர்ஸ்டனுக்கு என் வணக்கத்தைச் சொல். மெழுகுதிரியும் கப்பலும் கண்ணுக்குள் நிற்கின்றன. கிழங்கு அருமை. ஸ்ரோபெரி இனிப்பு.

வேறென்ன எழுத. உடம்பைப் பார்.

அக்கா


டிராகோர்
14 செப்டெம்பர் 2025

அக்காவுக்கு,

நீங்களும் பிள்ளையும் நலம்தானே. நான் இரண்டு மாதமாக எழுதவில்லை. வேலை என்று எழுதி மழுப்பலாம். உண்மை அதுவல்ல, கோபம். கிழங்கு அருமை என்று எழுதியிருந்தீர்கள். கிழங்கு அவித்ததற்கு யாராவது அப்படி எழுதுவார்களா? ஐந்து தட்டும் திரும்பி வந்தபோது நான் பின்கதவால் வெளியே போய் நின்றேன். அகதியாக வந்து தட்டுக் கழுவினபோதுகூட எனக்கு அப்படி அவமானமாக இருந்ததில்லை.

போன கிழமை இதைக் கியர்ஸ்டனிடம் சொன்னேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "உன் அக்கா மீனை வேண்டாம் என்று பார்க்கவில்லை, யோசெப். பசியோடு பார்த்தார். பிறகு வெறும் கதிரையைப் பார்த்தார். ஒவ்வொரு தட்டுக்கும் அதேதான். இந்தத் துறைமுகத்திலும் முன்பு கடலுக்குப் போனவனுக்காக ஏதாவதொன்றை விட்டுவிட்டுக் காத்திருந்த பெண்கள் உண்டு."

அன்று முழுவதும் எனக்குக் கை ஓடவில்லை. யோசித்தேன். தொண்ணூறாம் ஆண்டுக்குப் பிறகு நீங்கள் எழுதிய எந்தக் கடிதத்திலும் நீங்கள் மீன் சாப்பிட்டதாக ஒரு வரி இல்லை. பெட்டியிலிருந்து எல்லாவற்றையும் எடுத்து வாசித்துப் பார்த்தேன், இல்லை. அக்கா, இது நேர்த்தியா? எனக்காகவா? எத்தனை வருடம்?

நான் ஏன் இருக்கவில்லை என்று கேட்பீர்கள். இதை ரெலிபோனில் ஒருநாளும் சொல்லமாட்டேன். அன்று படகில் இடம் உங்களுக்குத்தான் கிடைத்தது. நீங்கள் ஏறி இருந்துவிட்டீர்கள். பிறகு எழும்பி, "நீ இரு" என்று என்னை அந்த இடத்தில் இருத்திவிட்டு இறங்கிப் போனீர்கள். நான் எழும்பவில்லை. பதினேழு வயதில், உயிர்ப் பயத்தில், நான் எழும்பவில்லை. அதற்குப் பிறகு நீங்கள் நாலு வருடம் அங்கே பட்டதெல்லாம் எனக்குத் தெரியும். கனடாவுக்கு வராததும் அதனால்தான். சீசன் என்றது, வேலை என்றது எல்லாம் பொய். உங்கள் முன்னால் எந்த முகத்தோடு இருப்பேன்? அன்று உங்களுக்கு நின்று பரிமாறினபோது, இத்தனை வருடத்தில் முதல் தடவை மனம் கொஞ்சம் ஆறியது. அதுதான் இருக்க முடியவில்லை.

யோசெப்


மொன்ட்ரியால்-நோர்
2 நவம்பர் 2025

யோசெப்புக்கு,

உன் கடிதம் போன கிழமைதான் கையில் கிடைத்தது. இங்கே தபால்காரர் வேலைநிறுத்தம், பெட்டி ஒரு மாதம் வெறுமையாகக் கிடந்தது. நீ கோபத்தில் எழுதவில்லை என்று நினைத்தேன். கோபத்தில்தான் இருந்திருக்கிறாய், நல்லது. கோபம் வராவிட்டால் நீ ஐயாவின் பிள்ளையே இல்லை.

நேர்த்தியா என்று கேட்டாய். இருந்தால் சொல்லக்கூடாது. இல்லையென்றால் சொல்ல ஒன்றும் இல்லை. பேசாலையில் பிறந்தவனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

படகுக் கதையைக் கேட்டு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, மடையா. உனக்காக எழும்பினேன் என்று யார் சொன்னது? படகு ஆடினதும் எனக்குக் குடல் வாய்க்கு வந்துவிட்டது. கரையில் அம்மா தனியே நின்று தலையில் அடித்துக்கொண்டு நின்றா. கடலுக்குப் பயந்துதான் இறங்கி ஓடினேன். வெறும் இடத்தில் உன்னை இருத்தினேன், அவ்வளவுதான். என் பயத்தைத் தியாகம் என்று இத்தனை வருடம் சுமந்து, என் பிள்ளையின் கலியாணத்துக்கும் வராமல், அத்தானின் முகத்தையும் பார்க்காமல் விட்டாயே. அதுதான் எனக்கு நோகிறது. நின்று பரிமாறினால் உனக்கு மனம் ஆறும். எனக்கு நீ இருந்தால்தான் ஆறும்.

இன்று இறந்த ஆத்துமாக்களின் நாள். அம்மாவுக்கும் ஐயாவுக்கும் அத்தானுக்கும் திரி கொளுத்தினேன். இருக்கிறவர்கள் நீயும் நானும்தான். வா. என் மேசை சின்னன், கதிரை நாலு உண்டு.

அக்கா


டிராகோர்
23 நவம்பர் 2025

அக்கா,

கடவுள் கிருபையில் இருவரும் சுகமாக இருந்து இதை வாசிக்கவேண்டும். டிக்கட் எடுத்துவிட்டேன். டிசெம்பர் 20, சனிக்கிழமை.

நத்தாருக்கு முந்தின கிழமைகள்தான் எங்களுக்கு வருடத்திலேயே அதிக வேலை. கியர்ஸ்டனிடம் கேட்கப் போனேன். வாய் திறக்க முதலே "போ" என்றார். வரும் வருடத்திலிருந்து இங்கே அரசாங்கத் தபாலில் கடிதம் இல்லையாம். துறைமுகத்தில் நின்ற சிவப்புப் பெட்டியைப் போன மாதம் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இந்தக் கடிதத்தைப் போட ஒரு கடையைத் தேடிப் போகிறேன். பரவாயில்லை. கதைக்க வேண்டியதை வந்து கதைக்கிறேன். கதைக்காவிட்டாலும் வந்து இருப்பேன்.

சில் ஒரு போத்தல் கொண்டுவருகிறேன். சட்டப்படி முதலில் அதுதான்.

தம்பி


நவநாள் விண்ணப்பப் பெட்டிக்குள்
23 டிசெம்பர் 2025, செவ்வாய்

என் அந்தோனியாரே,

இன்று கேட்க ஒன்றும் இல்லை. நன்றிக் கடிதம்.

சனிக்கிழமை வந்தான். மொன்ட்ரியால் குளிரைப் பார்த்து டென்மார்க்காரன் பல்லைக் கிட்டிக்கொண்டு நின்றான். ஞாயிறு பூசை முடிந்து வந்து மேசை போட்டேன். விளமீன் குழம்பு, பொரியல், சொதி, நடுவில் அவனுடைய போத்தல். சஜிதா மெழுகுதிரி கொளுத்தி வைத்தாள், பட்டப்பகலில். அவனை இருத்தினேன். அகப்பையைக் கையில் எடுத்தேன். சோறு போட்டேன், குழம்பு விட்டேன். அவன் தொடவில்லை.

"அக்கா, இருங்கோ."

"நீ சாப்பிடு ராசா, நான் பேந்து..."

வாயில் வந்துவிட்டது! இத்தனை வருடம் நேர்ந்து, கடல் கடந்து போய், அவனைத் திட்டி எழுதி, கடைசியில் நானே அகப்பையோடு நிற்கிறேன். அவன் எழும்பிவிட்டான். "அப்ப நானும் நிக்கிறன்" என்றான். மேசையைச் சுற்றி இரண்டு பேரும் நிற்கிறோம், சோறு ஆறுகிறது. சஜிதா கத்தினாள்: "மொன் தியூ! ரெண்டு பேரும் இருங்கோவன்!" அவன் என் கையிலிருந்து அகப்பையை வாங்கிச் சட்டிக்குள் வைத்தான். கதிரையை இழுத்தான். என் தோளில் கை வைத்து, "நீங்க இருங்கோ" என்று இருத்தினான். பிறகு பக்கத்தில் தானும் இருந்தான்.

இருந்துவிட்டான், அந்தோனியாரே. என் முழங்கை அவன் முழங்கையில் பட்டது.

போத்தலைத் திறந்து ஒரு துண்டு எடுத்து என் தட்டில் வைத்தான். நான் வாயில் வைத்ததும் சஜிதா "அம்மா! அலர்ஜி!" என்று துள்ளி எழும்பி ரெலிபோனை எடுத்துவிட்டாள், அம்புலன்சுக்கு. அவளைப் பிடித்து இருத்துவதற்குள் எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. முப்பத்துநாலு வருடம் கழித்து வாயில் பட்ட முதல் மீன் இனிக்கிறது! சீனி போட்டிருக்கிறார்கள். பரவாயில்லை. உலகத்தில் அப்படி ஒரு ருசியை நான் அறியேன். அந்த நீலக் கதவுக்குள் நுழைந்தபோது இருந்த மாதிரியே இருந்தது.

ஒரு பாவத்தையும் இதிலேயே சொல்லிவிடுகிறேன். கடலுக்குப் பயந்து படகால் இறங்கினேன் என்று அவனுக்கு எழுதியது பொய். எனக்குக் கடலுக்கு என்ன பயம்? அது உமக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

பிறகு விளமீனுக்கு வந்தோம். ஒரு பிடி எடுத்து வாயில் வைத்தேன், தொண்டையில் குத்தியது. முள் எடுத்துச் சாப்பிடுவதே எனக்கு மறந்துபோய்விட்டது, மீன்பிடிகாரன் மகளுக்கு! அவன் என் தட்டைத் தன் பக்கம் இழுத்தான். தழும்பு நிறைந்த அந்த விரல்களால் ஒவ்வொரு முள்ளாக எடுத்து ஓரத்தில் வைத்தான். முள்ளில்லாத மீனை என் சோற்றின் மேல் வைத்து, தட்டைத் திரும்ப என் முன்னால் தள்ளினான்.

"இப்ப சாப்பிடுங்கோ" என்றான்.

இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

அல்போன்சம்மா